ஸ்மார்ட் போர்டு தருகிறோம் என்று முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள்

மும்பையில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு, முக்கியமாக தாராவி, சயான், செம்பூர் பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் உதவிபெறும் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. கம்பெனிகள் சட்டப்படி சமூக வேலைக்குச் செலவழிக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் உங்கள் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார். எங்கள் பள்ளியில் நானும் இன்னும் சிலரும் ஆளுக்கு 11,800 ரூபாய் கட்டினோம். போர்டும் வரவில்லை, பணமும் வரவில்லை.

ஆள் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் பேசுவார். தாராவித் தமிழர்களில் நிறையப் பேருக்கு அந்தப் பக்கம்தான் பூர்வீகம் என்பது அவருக்குத் தெரியும். "நம்ம ஊர்ப் புள்ளைகளுக்குன்னுதான் டீச்சர் இவ்வளவு மெனக்கெடுதேன். எனக்கு இதுல அஞ்சு பைசா கெடையாது" என்பார். கையில் ஒரு பெரிய கம்பெனியின் லோகோ போட்ட கடிதம், போனில் வெளிநாட்டு ஆசிரியர்கள் புது லேப்டாப் பெட்டிகளோடு நிற்கும் படங்கள். அதே திட்டம் இப்போது இந்தியாவுக்கும் வந்திருக்கிறதாம்.

அந்தப் படங்கள் டோனர்ஸ்சூஸ் என்ற அமெரிக்கத் தளத்தைச் சேர்ந்தவை. 2000இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியர் தொடங்கியது அது. ஆசிரியர் தன் வகுப்புக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் போடுவார், முகம் தெரியாதவர்கள் பணம் போடுவார்கள், பொருள் நேராகப் பள்ளிக்கு வந்துவிடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். அவர்களுக்கும் இந்த ஆளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வில்லங்கம். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, தன் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவழிக்க வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. இதையெல்லாம் அவர் சரியாகவே சொன்னார். அப்புறம், "மார்ச் 31 தாண்டினா பணம் திரும்பிப் போயிரும் டீச்சர், இந்த வாரமே கட்டிருங்க" என்றார். கம்பெனிகளுக்கு வருடக் கடைசி அவசரம் இருப்பது நிஜம்தான். அந்த அவசரத்துக்காக ஒரு வாத்தியார் தன் சம்பளத்திலிருந்து எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

பரிசீலனைக் கட்டணம் 10,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,800. வரி போட்டுக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. கூகுள் பேயில் அனுப்பும்போது வந்தது அவர் சொன்ன டிரஸ்டின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு "எங்க அக்கவுண்டன்ட் அவரு" என்றார். ரசீதும் வந்தது, முத்திரையோடு. ஜிஎஸ்டி எண் மகாராஷ்டிராவுக்குரிய 27இல்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் 14 எழுத்துதான். உண்மையான எண்ணில் 15 இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் யாருடையது என்று உடனே காட்டிவிடும்.

அடுத்து, சாமான் பிவண்டி கோடவுனுக்கு வந்துவிட்டது, போக்குவரத்து இன்ஷூரன்ஸுக்கு 8,500 கட்டினால் மறுநாள் டெலிவரி என்று செய்தி வந்தது. அவசரமாக ஆள் பிடித்து பிவண்டிக்கு அனுப்பினோம். அந்த முகவரியில் இருந்தது ஒரு பிளைவுட் கடை. அன்றைக்கே நம்பர் அணைந்துவிட்டது.

இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்து, இணையக் குற்றத் தளத்திலும் புகார் பதிந்தோம். பணம் போன கொஞ்ச நேரத்திலேயே சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. எங்கள் விஷயத்தில் அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

யாராவது இப்படி வந்தால் முதலில் கவனிக்க வேண்டியது, தலைமையாசிரியரைச் சுற்றிக்கொண்டு போகிறாரா என்பதுதான். இந்த ஆள் "ஹெச்எம் வழியா போனா பைல் தூங்கிரும், வகுப்பு வகுப்பா நீங்களே போடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். முறையான சிஎஸ்ஆர் உதவி தனி ஆசிரியரின் கைக்கு வருவதே இல்லை. பள்ளி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் எழுதுவார்கள், பொருளைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வார்கள். நடுவில் டிரஸ்ட் இருந்தால், 2021 ஏப்ரல் முதல் அது சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். கம்பெனியும் தன் இயக்குநர் குழு அனுமதித்த சிஎஸ்ஆர் திட்டங்களைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். கடிதத்தில் இருக்கும் போன் நம்பரை விட்டுவிட்டு, அந்தத் தளத்தில் இருக்கும் முகவரிக்கு ஒரு மெயில் போடுங்கள். நாங்கள் பிறகு போட்டோம். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு வித்யாஞ்சலி என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தளம் 2021இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் 11 இலக்க அடையாள எண்ணான யுடைஸ் எண்ணை வைத்துத் தலைமையாசிரியர் பதிவு செய்து, புரொஜெக்டர், கம்ப்யூட்டர் என்று தேவையைப் போடலாம். கொடுக்க விரும்புகிறவர்கள் அதைப் பார்த்துத் தொடர்பு கொள்வார்கள். சீக்கிரம் நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள், எங்கள் புரொஜெக்டர் கோரிக்கை இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆனால் யாரும் கட்டணம் கேட்கவில்லை.

குர்லாவில் ஒரு தோழி, தன் பள்ளிக்கும் இதே ஆள் வேறு டிரஸ்ட் பெயரில் வந்துபோனதாகச் சொன்னார். அங்கே கேட்டது 14,160, அதாவது 12,000மும் வரியும். ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐ பரிவர்த்தனை எண் எதையும் அழிக்க வேண்டாம். பள்ளிக்கு ஒன்று என்று விடாமல், அவரவர் பணத்துக்கு அவரவர் பெயரில் புகார் கொடுங்கள்.