மறுத்த துணிவா, எதிர்த்தெழுந்த துணிவா?

வேலூர் கோட்டை 1806-இல் இரண்டு வகைத் துணிவைக் கண்டது. மே மாதம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த புதிய தலைப்பாகையை அணிய மறுத்த, அதன் படையின் இந்தியச் சிப்பாய்களில் 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தண்டனையிலிருந்து தப்பினார்கள். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பட்டு வேலையையும் இழந்தார்கள்.

ஜூலை 10 விடியுமுன் நடந்தது வேறு. சிப்பாய்கள் ஆயுதம் ஏந்திக் கோட்டையையே கைப்பற்றினார்கள். நெற்றிக் குறியையும் தாடியையும் தடைசெய்த ஆணைமேல் எழுந்த சினம் நியாயமானது. ஆற்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேயப் படைக்கு எதிரே நின்ற நெஞ்சுரத்தையும் மறுக்க முடியாது. ஆனால் மருத்துவமனையில் படுத்திருந்த ஆங்கிலேய நோயாளிகளும் அன்று கொல்லப்பட்டார்கள். இதை நம் ஊர் மேடைகளில் சொல்லத் தயங்குகிறோம்; தயங்கக் கூடாது.

அரிஸ்டாட்டில் துணிவைக் கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவில் வைத்தார். எதற்காக, எப்போது, எவ்விதம் என்ற கேள்விகளுக்கும் அது பதில் சொல்ல வேண்டும் என்றார். பயன் தந்தது ஜூலைதான்: ஆணை திரும்பப் பெறப்பட்டது. இருந்தும் குறையற்ற அறம் என்று நான் சொல்வது மே மாதத்து மறுப்பை. கசையடி பட்ட அந்த இருவரும் தங்கள் முதுகை மட்டுமே பணயம் வைத்தார்கள். ஜூலை வீரர்களைப் போற்றும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.