கத்திக்கு மெருகேற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சமையல் கத்தியில் கீறல் எடுத்துத் தருவதாகச் சொல்லி வாங்கியவர், கத்தியையே கெடுத்துக் கொடுத்துவிட்டார். நீங்களாவது கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

என்னுடையது கார்பன் எஃகுக் கத்தி. பாத்திரம் தேய்க்கும் நார் பட்டுப் பக்கங்களில் மெல்லிய கீறல்கள் இருந்தன, அவ்வளவுதான். வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஆனால் அதற்குப் பிறகு கூர் நிற்கவே இல்லை. சாணைக்கல்லில் தீட்டியதும் நன்றாக வெட்டும். ஒரு வேளைச் சமையல் முடிவதற்குள் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிவிடும்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முனைப் பக்கம், வாயை ஒட்டி லேசாக நீலம் ஓடியிருந்தது. கேட்டால் "எண்ணெய்க் கறை" என்றார். எண்ணெய்க் கறை சோப்புக்குப் போயிருக்கும். இது சூட்டில் வந்த நிறம். கார்பன் எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் இப்படி நீலமாகும். சமையல் கத்திகளைப் பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் பதப்படுத்துகிறார்கள் (கடினமாக்கிய எஃகு எளிதில் உடையாமலிருக்க மறுபடி சூடாக்குவதுதான் இது). அதைத் தாண்டினால் எஃகு இளகி, கடினம் குறைந்துவிடும். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் தண்ணீர் காட்டாமல் அழுத்தினால், மெல்லிய வாய்ப்பகுதி நொடிகளில் அந்தச் சூட்டுக்குப் போய்விடும். நீலத்தைத் தேய்த்து மறைத்துவிடலாம், இழந்த பதம் திரும்பாது. கெட்ட பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் உண்டு. பணத்தைக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கத்தியைப் பலகையில் படுக்க வைத்து, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை ஒரு சிறு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். தாளின் எண் 400-இல் தொடங்கி 600, 1000, 2000 என்று போகலாம்; எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். பிடியிலிருந்து முனை வரை ஒரே திசையில் தேய்க்க வேண்டும். வாய்க்குக் குறுக்கே விரல் போகக் கூடாது. முந்தைய தாளின் கோடுகள் முழுதும் மறையும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவசரப்பட்டால் அந்தக் கோடுகள் கடைசிப் பளபளப்பில் பளிச்சென்று தெரியும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழமான கீறல் இருந்தால் அதை விட்டுவிடலாம். அதற்காகத் தேய்த்தால் கத்திதான் மெலியும்.

வெளியில்தான் கொடுக்க வேண்டுமென்றால், கையால் தேய்ப்பீர்களா, சக்கரத்திலா, இடையிடையே தண்ணீரில் நனைப்பீர்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று பதில் வந்தால், கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.