மிதி ராக்கெட், தண்ணீர் ராக்கெட், வினிகர் ராக்கெட்: விடுமுறைக்கு எது?

வெடிமருந்து இல்லாமல் பிள்ளைகளோடு ராக்கெட் விட மூன்று வழிகள் உண்டு. காலி பாட்டிலை மிதித்து, பீறிடும் காற்றில் காகிதக் குழலைப் பறக்கவிடுவது மிதி ராக்கெட். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து விடுவது தண்ணீர் ராக்கெட். வினிகரும் சமையல் சோடாவும் பொங்கித் தள்ளுவது மூன்றாவது. உயரம்தான் கணக்கு என்றால் தண்ணீர் ராக்கெட்டோடு மற்ற இரண்டும் போட்டிக்கே வர முடியாது. அப்படியும் என் ஓட்டு மிதி ராக்கெட்டுக்கே. ஒருமுறை விட்டதற்கும் அடுத்த முறை விடுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது என்பதுதான் காரணம்.

வினிகரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 5 சதவீத வினிகர் 100 மி.லி.க்கு 7 கிராம் சமையல் சோடா போதும். அதற்கு மேல் கொட்டும் சோடா அடியில் வெள்ளையாகத் தங்கும், அவ்வளவுதான். இந்த அளவில் ஏறக்குறைய 2 லிட்டர் கரியமில வாயு உண்டாகும். அரை லிட்டர் பாட்டிலில் அது அடைபட்டால் தக்கை பிடுங்கிக்கொள்ளும். சோடாவை நேராகக் கொட்டினால் தக்கையை அழுத்துவதற்குள் பாதி வாயு நுரையோடு வெளியேறிவிடும். டிஷ்யூ காகிதத்தில் சுருட்டி உள்ளே தள்ளினால் சில நொடி அவகாசம் கிடைக்கும். எத்தனை நொடி என்பது காகிதம் எவ்வளவு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் கை எப்போதும் பெரியவர் கையாகவே இருக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். ஒவ்வொரு முறையும் வினிகர் தீர்கிறது, பாட்டிலைக் கழுவ வேண்டியிருக்கிறது. வேதியியல் பாடத்துக்கு அருமை. ஒரு மாலைப் பொழுதை நிரப்ப உதவாது.

தண்ணீர் ராக்கெட்டின் கம்பீரம் வேறு. வெறும் காற்றை அடைத்தால் ‘புஸ்’ஸென்று போய்விடும். உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தக் கனமான பொருளைக் காற்று கீழே தள்ளுகிறது, எதிர்விசை பாட்டிலை மேலே தூக்குகிறது. கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் சரியான அளவு. பாதிக்கு மேல் நிரப்பினால் காற்றுக்கு இடமில்லாமல் போய், ராக்கெட் சோம்பலாக எழுந்து பக்கத்திலேயே விழும். சோடா பானம் வந்த பாட்டிலை மட்டுமே எடுக்க வேண்டும். அழுத்தம் தாங்கவென்றே செய்யப்பட்டது அதுதான். குடிநீர் பாட்டில், கண்ணாடி, உலோகம் எதுவும் கூடாது. ரப்பர் தக்கையில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைச் செருகி விடுவது எளிய வழி. ஆனால் தக்கையை எவ்வளவு இறுக்கினோமோ அதைப் பொறுத்து அது எப்போது வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளும். கேபிள் டை வைத்துக் கழுத்தைப் பிடித்து, ஐந்து மீட்டர் கயிற்றால் விடுவிக்கும் தாங்கி செய்தால் நேரம் நம் கையில் இருக்கும். அழுத்தமானி உள்ள பம்பு வாங்கி 60 பிஎஸ்ஐ-யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காற்று ஏறிய பாட்டில் போக மறுத்தால் யாரும் அருகே போகக் கூடாது. தூரத்திலிருந்தே பம்புக் குழாயைக் கழற்றிக் காற்றை இறக்க வேண்டும்.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். தண்ணீர் அளந்து ஊற்றி, தாங்கியில் பொருத்தி, பம்பு அடித்து, எல்லோரும் பின்வாங்கி, பறந்ததைத் தேடி எடுத்துவர ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு முறை. மூன்று பிள்ளைகள் என்றால் தலைக்கு நான்கு. மீதி நேரமெல்லாம் ‘என் முறை எப்போ?’ கல்லில் விழுந்து பாட்டில் மடிந்துவிட்டால் அதை மறுபடி அழுத்தத்துக்கு உட்படுத்தக் கூடாது. இறக்கையும் மூக்கும் ஒட்டி அலங்கரித்த பாட்டில் அதுவாக இருந்தால் அன்றைய விளையாட்டு முடிந்தது.

மிதி ராக்கெட்டில் ஒருமுறைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மிதி, ஓடிப்போய் எடு, பாட்டிலை ஊது, மறுபடி மிதி. ராக்கெட் கிழிந்தால் புதிது செய்யப் பத்து நிமிடமும் பாதி ஏ4 தாளும் போதும்.

தாங்கிக்கு 20 அல்லது 21 மி.மீ. வெளி விட்டமுள்ள பிவிசி குழாய் வேண்டும். தரையில் ஒரு மீட்டர், எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) ஒன்று, மேல்நோக்கி அரை மீட்டர். பாட்டிலையும் குழாயையும் நேரடியாக இணைக்காமல், நடுவே 30 செ.மீ. நீளத்துக்குப் பழைய சைக்கிள் டியூப் வைத்து இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். நேரடியாக இணைத்தால் முதல் சில மிதிகளிலேயே பாட்டில் கழுத்து முறியும். தரைக் குழாயைப் பலகையில் கிளாம்பு போட்டுப் பிடிக்கலாம். எல்போவை ஒட்டாமல் இறுக்கிச் செருகினால் மேல்குழாயைப் பக்கவாட்டில் சாய்த்துக் கோணம் மாற்றலாம். மிதிப்பவரும் ராக்கெட் போகும் வழியில் நிற்க மாட்டார்.

ராக்கெட் உடலுக்கு ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்ட வேண்டும். முழுத் தாளையும் சுற்றினால் மூன்று சுற்று வந்து கனத்துவிடும். எல்லோரும் சறுக்கும் இடம் குழலின் தளர்ச்சி. இறுக்கமாகச் சுற்றினால் குழாயை விட்டுக் கிளம்பாது, தளர்ந்தால் காற்று பக்கத்தில் ஒழுகும். அதே குழாயின் துண்டு ஒன்றில் முதலில் வேறொரு தாளை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் ராக்கெட் தாளைச் சுற்றி, ஓரம் முழுக்க டேப் ஒட்டி, பிறகு உள்தாளை உருவி எடுத்தால் தளர்ச்சி மிகச்சரியாக அமையும்.

அடுத்து அதிகம் பழுதாவது மூக்கு. காற்றின் முழு அடியும் அங்கேதான் விழுகிறது. ராக்கெட் அப்படியே இருக்க மூக்கு மட்டும் பறப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். குழலின் நுனியை மடித்து, கூட்டல் குறி போல் இரண்டு டேப் போட்டு அடைத்துவிட்டு, அதன் மேல் கூம்பை ஒட்டினால் தாங்கும். கூம்புக்குள் ஒரு கிராம் களிமண்ணும், அடியில் அட்டை இறக்கை மூன்றும் வேண்டும். நிலையாகப் பறக்குமா என்று விடுவதற்கு முன்பே பார்க்க, ராக்கெட் சமநிலையில் தொங்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னே போனால் சரி. கரணம் அடித்தால் களிமண்ணைக் கூட்டலாம், இல்லையென்றால் இறக்கையைப் பெரிதாக்கலாம்.

அடிக்கடி விட முடிவதால்தான் இதில் சோதனையும் சாத்தியம். எடை கூடினால் தூரம் குறையும் என்று பெரும்பாலோர் பந்தயம் கட்டுவார்கள். மிக இலேசான ராக்கெட்டில் ஒரு கிராம் கூட்டினால் தூரம் அதிகமாவதே வழக்கம், ஏனென்றால் இலேசானதைக் காற்று சீக்கிரம் தடுத்து நிறுத்திவிடுகிறது. பாடப்புத்தகம் 45 டிகிரி என்கிறது. காற்றுத் தடையால் சிறந்த கோணம் அதற்குச் சற்றுக் கீழே விழும். இதைக் கண்டுபிடிக்க அளவு நாடாவும் இருபது முப்பது முயற்சியும் தேவை. தண்ணீர் ராக்கெட்டில் அதற்கே இரண்டு, இரண்டரை மணி நேரம் போய்விடும். ஆனால் ஒரு விஷயம், எல்லா முயற்சிக்கும் ஒரே ஆள்தான் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் கோணத்தை அளக்கிறோமா ஆளின் எடையை அளக்கிறோமா என்றே தெரியாது.

இதிலும் குறைகள் உண்டு. ஊதும் மூச்சின் ஈரமும் புல்லின் பனியும் தாளை ஊறவைக்கும். காலையில் விடுவதைவிட மாலை நல்லது. பாட்டில் நசுங்கி விரிந்து மடிப்புகளில் கீறல் விடும், கையிருப்பில் நான்கைந்து வைத்துக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளால் தடித்த பாட்டிலை நசுக்க முடியாது. மெல்லிய குடிநீர் பாட்டில் அவர்களுக்கு வசதி, ஆயுள்தான் குறைவு. ராக்கெட்டை மாட்டுவது ஊதிய பிறகுதான், குழாய்க்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பதின்வயதுப் பிள்ளைகள், ஒரே ஒரு பறத்தலுக்காக அரை நாள் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், பக்கத்தில் பெரிய மைதானம் உள்ளவர்கள் என்றால் தண்ணீர் ராக்கெட்டுக்கே போகலாம். அதில் பாராசூட் பொருத்துவதைப் பற்றி மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். மடிப்பும் காற்றும் மூக்கு கழலும் நேரமும் ஒத்துவந்தால்தான் அது விரியும். ராக்கெட் நேராக ஏறுவது உறுதியான பிறகு அதில் கை வைக்கலாம்.