இரத்த டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா: இரண்டையும் செய்துகொண்ட ஒருவரின் ஒப்பீடு

சிறுநீரகங்கள் தம் வேலையில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரையிலோ, கிடைக்காமலே போனாலோ, டயாலிசிஸில் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்திகரித்துத் திரும்பச் செலுத்தும் ஹீமோடயாலிசிஸ். மற்றொன்று, வயிற்றுக்குள் திரவத்தை நிரப்பி, குடலைச் சுற்றியுள்ள பெரிடோனியம் என்ற மெல்லிய உறையையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் பெரிடோனியல் டயாலிசிஸ். முன்னதை நான் கழுத்தில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு மாதங்கள் செய்துகொண்டேன். பின்னதை மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே செய்துவருகிறேன். எனவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்கப் போவதில்லை. கையில் ஃபிஸ்டுலா என்ற இரத்தக்குழாய் இணைப்பை அமைத்துக்கொண்டு இரத்த டயாலிசிஸ் செய்த அனுபவம் எனக்கு இல்லை என்பதையும் வாசிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழுத்துக் குழாயில் தொடங்க நேர்ந்ததற்குக் காரணம் தாமதம். பல ஆண்டுகளாக இருந்த உயர் இரத்த அழுத்தத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை. சிறுநீர் நுரைத்துப் போனதையும், மாலையில் கணுக்கால் வீங்கியதையும், இரவில் பலமுறை எழ வேண்டியிருந்ததையும் வயதின் மேல் போட்டுவிட்டேன். குமட்டலும் மூச்சுத்திணறலும் வந்து பரிசோதித்தபோது காலம் கடந்திருந்தது. சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளும் பார்க்கும் இரண்டு எளிய சோதனைகளை, இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொண்டால், இந்தத் தேர்வை அவசரத்தில் இல்லாமல் நிதானமாகச் செய்யலாம். பலருக்கு இந்தத் தேர்வே தேவைப்படாமலும் போகலாம்.

செயல்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்த டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். அதற்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைக்க வேண்டும். அது ஊசி தாங்கும் அளவுக்கு முதிரக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். வயிற்று டயாலிசிஸுக்குத் தொப்புளுக்கு அருகே மென்மையான ஒரு குழாய் நிரந்தரமாகப் பொருத்தப்படுகிறது. அதன் வழியே சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை நிரப்பி, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். கையால் செய்தால் நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். சைக்ளர் என்ற இயந்திரம் இருந்தால் இரவு உறங்கும்போதே எட்டு முதல் பத்து மணி நேரத்தில் அது மாற்றிக்கொள்ளும்.

ஆயுளை நீட்டிப்பதில் எது சிறந்தது என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் அதில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. உடலுக்குள் அவை நடந்துகொள்ளும் விதம்தான் வேறு. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. இரத்த டயாலிசிஸ் அதில் 12 மணி நேரம் மட்டுமே வேலை செய்கிறது. இடைப்பட்ட நாட்களில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போய், பிறகு நான்கே மணி நேரத்தில் இழுத்து எடுக்கப்படுகின்றன. அதனால் சிகிச்சையின் நடுவே இரத்த அழுத்தம் சரிவது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, வீடு திரும்பியபின் அன்று முழுவதும் அடித்துப் போட்டதுபோல் கிடப்பது ஆகியவற்றை அந்த இரண்டு மாதங்களில் நன்றாகவே அனுபவித்தேன். வாரத்தில் ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளி இதயத்துக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே. வயிற்று டயாலிசிஸ் மெதுவாக, அநேகமாக நாள் முழுவதும் நடப்பதால் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. பழங்களிலும் காய்கறிகளிலும் உள்ள பொட்டாசியத்துக்கு அஞ்சி ஒதுக்கிவைத்த பலவற்றை நான் மீண்டும் அளவோடு உண்ண முடிந்தது.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. செயலிழந்த சிறுநீரகத்திலும் கொஞ்சம் சிறுநீர் வந்துகொண்டிருக்கும். அந்த மிச்சம் வயிற்று டயாலிசிஸில் கூடுதல் காலம் நீடிக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்டவர்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வின் தரவுகளை 2001-இல் மறுபடி அலசியபோது, நாளொன்றுக்குக் கூடுதலாக வரும் ஒவ்வொரு 250 மில்லிலிட்டர் சிறுநீரோடும் இறப்பு அபாயம் 36 விழுக்காடு குறைவாக இருந்தது தெரியவந்தது. அதனால்தான் எஞ்சிய சிறுநீரகச் செயலையும் கெடுக்கக்கூடிய வலி மாத்திரைகளை மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கண்டபடி விழுங்காதீர்கள் என்று மருத்துவர்கள் டயாலிசிஸ் நோயாளிகளிடமும் வற்புறுத்துகிறார்கள்.

இவ்வளவையும் கேட்டபின் வயிற்று டயாலிசிஸையே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்படி முடிவதில்லை. என் அனுபவத்தில் இந்தத் தேர்வைத் தீர்மானிக்கும் காரணி ஒன்றே ஒன்று: அன்றாடப் பராமரிப்பு யார் கையில் இருக்கிறது என்பது. இரத்த டயாலிசிஸில் இயந்திரம், நீர், ஊசி, கிருமி நீக்கம் எல்லாவற்றையும் பயிற்சி பெற்றவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். நோயாளி நேரத்துக்குப் போய்ப் படுத்தால் போதும். வயிற்று டயாலிசிஸில் செவிலியரும் நாமே, துப்புரவாளரும் நாமே, பொருட்களின் கணக்கைப் பார்ப்பவரும் நாமே. நாளுக்கு நான்கு முறை என்றால் ஆண்டுக்கு 1,460 முறை குழாயைத் திறந்து மூடுகிறோம். வயிற்றின் உட்புறத்துக்கும் வெளியுலகத்துக்கும் இடையே கதவு திறக்கும் அந்தச் சில நொடிகளில் ஒருமுறை தவறினாலும் கிருமி உள்ளே போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை மாறுவதேயில்லை. கதவையும் சன்னலையும் அடைக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், வளர்ப்பு விலங்குகளை அறைக்கு வெளியே விட வேண்டும். மேசையைத் துடைத்து, முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவி முழுவதும் உலரவிட வேண்டும். ஈரக்கையில் கிருமி எளிதில் ஒட்டும் என்பதால் உலர்த்துவது கழுவுவதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. திரவப் பையின் காலாவதி நாள், செறிவு, கசிவு, தெளிவு ஆகியவற்றைப் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இணைத்தவுடன் புதிய திரவத்தில் சிறிதளவைக் குழாய் வழியே வடிகால் பைக்குள் ஓடவிட வேண்டும். இணைப்பில் ஒட்டியிருக்கக்கூடிய கிருமி வயிற்றுக்குள் போகாமல் வெளியே போய்விடும். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் பொறியாளர் போபோவிச்சும் மருத்துவர் மான்கிரீஃபும் 1976-இல் நாள் முழுவதும் நடக்கும் இந்த வயிற்று டயாலிசிஸ் முறையை அறிமுகப்படுத்தியபோது திரவம் கண்ணாடிப் புட்டிகளில் வந்தது. புட்டியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு இணைப்பும் கிருமிக்கு ஒரு வாசலாக இருந்ததால் தொற்று அடிக்கடி வந்தது. டொராண்டோவில் மருத்துவர் ஓரியோபௌலோஸ் பிளாஸ்டிக் பைகளுக்கு மாறியதும், பிறகு இந்தக் கழுவிவிடும் முறை சேர்ந்ததும்தான் வீட்டில் செய்யத்தக்க சிகிச்சையாக இது நிலைபெற்றது. குழாய் தோலிலிருந்து வெளியேறும் இடத்தை நாள்தோறும் சுத்தம் செய்து, மருத்துவர் சொன்ன ஆன்டிபயாடிக் களிம்பைத் தடவுவதும் இந்தப் பட்டியலில் சேரும். மலச்சிக்கலைத் தீர்த்துக்கொள்வதும் தொற்றுத் தடுப்பில் அடங்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். குடலில் உள்ள கிருமிகள் சுவரைக் கடந்து வயிற்று உறைக்குள் வருவதுண்டு. அதே காரணத்தால்தான் பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனைக்கு முன்பு தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் நான் ஒருமுறை தவறினேன். வெளியூர் கிளம்பும் அவசரத்தில் இணைப்பின் முனை என் சட்டைக் கையில் உரசியது தெரிந்தும், ஒன்றும் ஆகாது என்று தொடர்ந்தேன். கவ்வியை உடனே மூடிவிட்டுச் சிகிச்சை மையத்தை அழைத்திருந்தால், குழாயின் வெளிப்பகுதியை மாற்றி, தேவையானால் தடுப்பு மருந்தும் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் நாள் காலையில் வடிந்த திரவம் அரிசி கழுவிய நீரைப்போல் கலங்கியிருந்தது; நண்பகலுக்குள் வயிறு முழுவதும் வலி. நோயாளியும் வீட்டிலுள்ளவர்களும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய அடையாளம் இந்தக் கலங்கல்தான். வடிந்த பையின் அடியில் அச்சிட்ட தாளை வைத்து எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை. வலியும் காய்ச்சலும் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஏனெனில் சிகிச்சை அதிலிருந்தே தொடங்குகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் நூறுக்கு மேல் வெள்ளை அணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களாக இருந்தால் பெரிடோனிடிஸ், அதாவது வயிற்று உறைத் தொற்று, என்று கொள்கிறார்கள். கிருமி வளர்சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக்கை டயாலிசிஸ் திரவத்திலேயே கலந்து வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரங்கள் தொடர வேண்டும். சரியான மருந்து கொடுத்தும் ஐந்து நாளில் திரவம் தெளியாவிட்டாலோ, பூஞ்சைத் தொற்றாக இருந்தாலோ குழாயையே எடுத்துவிட வேண்டியிருக்கும். எனக்கு மூன்றாம் நாளே தெளிந்தது. ஒரு மையத்தில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 முறைக்கு மேல், அதாவது இரண்டரை ஆண்டில் ஒருமுறைக்கு மேல், இத்தொற்று வரக் கூடாது என்பது 2022-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். உங்கள் மையத்தின் எண் என்ன என்று தேர்வு செய்யுமுன் கேட்பதில் தவறில்லை.

மறுபக்கத்தின் பராமரிப்பும் இல்லாமலில்லை. ஃபிஸ்டுலா உள்ளவர் அதன் அதிர்வை நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ விடக் கூடாது. அதிர்வு நின்றால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆனால் ஃபிஸ்டுலாவைப் பாதுகாப்பது சில நிமிட வேலைதான் என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். இதில் என் சொல்லைவிட அவர்கள் சொல்லே செல்லும். கழுத்துக் குழாயோ வேறு கதை. அதில் தொற்று வந்தால் நேராக இரத்தத்தில் கலக்கும். குளிருடன் காய்ச்சல் வந்தால் அதை அவசர நிலையாகவே கருத வேண்டும்.

வயிற்று டயாலிசிஸின் மற்றக் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நீரை இழுப்பதற்காகத் திரவத்தில் சர்க்கரை சேர்க்கப்பட்டுள்ளது. 1.5 விழுக்காட்டுப் பையில் இரண்டு லிட்டருக்கு 30 கிராம், 4.25 விழுக்காட்டில் 85 கிராம். இதில் பெரும்பகுதி உடலில் சேர்வதால் எனக்கு முதலாண்டில் எடை கூடியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மருந்தளவை மாற்ற வேண்டிவரும். சர்க்கரைக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: சில வகைக் குளுக்கோமீட்டர் பட்டைகள் அதிலிருந்து உண்டாகும் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையையும் குளுக்கோஸாகக் கணக்கிட்டு அளவை உயர்த்திக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. வடிந்து போகும் திரவத்தோடு புரதமும் போகிறது. வயிற்றுக்குள் திரவத்தின் அழுத்தம் இருப்பதால் குடலிறக்கம் வரலாம். மிக அரிதாக, பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் செய்துகொண்டவர்களிடம், வயிற்று உறை தடித்துக் குடலை இறுக்கிச் சுற்றிக்கொள்ளும் நோய் ஏற்படுகிறது. பசியின்மை, வாந்தி, எடை குறைதல், குடல் அடைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். மூன்றாண்டுக்காரனான நான் அந்தக் கட்டத்தை இன்னும் எட்டவில்லை.

ஆகையால் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்து உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவர்கள், பார்வையும் கைவாகும் தளர்ந்து உதவிக்கும் ஆளில்லாதவர்கள், பைகளை அடுக்கிவைக்கவும் கதவடைத்துச் செய்யவும் வீட்டில் இடமில்லாதவர்கள் ஆகியோருக்கு இரத்த டயாலிசிஸே ஏற்றது. நோயை வீட்டுக்குள் கொண்டுவர விரும்பாமல், வாரத்தில் நான்கு நாளாவது அதை மறந்திருக்க நினைப்பவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்த நான்கு நாள் எனக்குக் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள், சிகிச்சை மையத்திலிருந்து தொலைவில் இருப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், இன்னும் சிறுநீர் கழிப்பவர்கள் ஆகியோர் கைகழுவும் ஒழுக்கத்தைச் சலிப்பில்லாமல் கடைப்பிடிக்க முடியுமானால், வயிற்று டயாலிசிஸை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த உறை என்றென்றும் உழைக்காது என்பதையும் மருத்துவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அது நீரை இழுக்கும் திறனை இழந்தாலோ, இன்னும் சில தொற்றுகள் வந்தாலோ, நான் இரத்த டயாலிசிஸுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். அப்போதாவது கழுத்துக் குழாயில் தொடங்காமல் ஃபிஸ்டுலாவுடன் தொடங்க வேண்டும். அதற்காக இடது முன்கையின் சிரைகளை இப்போதே காப்பாற்றி வருகிறேன். பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க யார் வந்தாலும் சட்டைக் கையை மடிப்பதில்லை. வலது புறங்கையைத்தான் நீட்டுகிறேன்.