இடுப்பு பெல்ட்: பாதி உதவி, பாதி எரிச்சல்

ஸ்கேனில் எல்4-எல்5 தட்டு (கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது என்றார்கள், அன்றைக்கே மருந்துக் கடையில் வாங்கிய பெல்ட் இது, மூன்று மாதம் ஆகிறது. கீழ் முதுகின் 5 எலும்புகளில் அடியில் இருக்கும் தட்டுகள்தான் பாரத்தை அதிகம் சுமக்கின்றன, குனிந்தால் முதலில் மாட்டுவதும் அவைதான். பெல்ட் அந்தக் குனிதலைக் குறைக்கும், அவ்வளவுதான், பிதுங்கிய தட்டை உள்ளே தள்ளிவிடாது. பைக் ஓட்டும்போது நல்ல பிடிமானம். ஆனால் உட்கார்ந்தால் உள்ளிருக்கும் பட்டை விலாவில் குத்துகிறது, வியர்வையில் அரிப்பு வேறு, வெல்க்ரோ இரண்டாவது மாதமே பல்லிளித்துவிட்டது. காலில் இறங்கும் வலி நரம்பு சமாச்சாரம், அதற்கு இது ஒன்றும் செய்யவில்லை. நாள் முழுக்கப் போட்டதற்கு பிசியோதெரபிஸ்ட்டிடம் திட்டு வாங்கியபின், இப்போது பயணத்துக்கு மட்டும். அப்புறம், வாங்கும்போது பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.