கோவையில் சித்திக்குப் போட்ட ஆன்டிபாடி ஊசி: ஊர் போய்வந்த அனுபவம்

மெல்போர்னிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதே கோபிச் சித்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரத்தான். மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்திருந்தது.

முதலில் குறை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹெர்-2 (புற்று செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதம்) என்ற இடத்தில் 2+ என்று இருந்தது. 3+ என்றால் அந்தப் புரதத்தைத் தாக்கும் ட்ராஸ்டுஸுமாப் என்ற ஆன்டிபாடி ஊசியை ஆரம்பிக்கலாம், 0, 1+ என்றால் அந்த ஊசியால் பயனில்லை, 2+ வந்தால் ஹெர்-2 மரபணு அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதை வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை, ரிப்போர்ட் பையிலேயே கிடந்திருக்கிறது! லேபில் போய் நின்று மெழுகில் பதித்து வைத்திருந்த திசு பிளாக்கை வாங்கி ஃபிஷ் டெஸ்டுக்கு அனுப்பினோம், பாசிட்டிவ் என்று வந்தது, அதாவது ஊசி போடலாம். உங்கள் வீட்டு ரிப்போர்ட்டிலும் 2+ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் கோவையில் ஊசி போட்ட இடம். அங்கே ஒரு குறையும் இல்லை. முன்கூட்டியே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள், ஏனென்றால் இந்த மருந்து சிலருக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலத்தைக் குறைத்துவிடும். குப்பி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்தது, நர்ஸ் அதைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, டெக்ஸ்ட்ரோஸ் ஆகாது என்று சலைனில்தான் கலந்தார். "முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகுமுங்க்கா, நடுக்கம் வந்தா உடனே சொல்லோணும்" என்று பக்கத்திலேயே இருந்தார்.

சித்தி, "ஏங்கண்ணு, இதுவும் கீமோதானா?" என்று கேட்டார். இல்லை. உடம்பு கிருமிக்கு எதிராகச் செய்யும் ஆன்டிபாடியைப் போலவே செய்தது, ஹெர்-2 புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து தயாரிக்க வழி கண்டார்கள், ஆனால் அது எலியுடையது, மனித உடம்பு அதை அந்நியமென்று எதிர்க்கும். அதனால் இலக்கில் ஒட்டும் பகுதியை மட்டும் எலியிலிருந்து எடுத்து, மீதியை மனித ஆன்டிபாடியாக மாற்றினார்கள். அப்படி வந்த ட்ராஸ்டுஸுமாப்புக்கு அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. பயாப்ஸியில் ஹெர்-2வைக் கண்டுபிடிக்கச் சாயம் ஏற்றுவதும் ஆன்டிபாடியை வைத்துத்தான். ஹெர்-2 அதிகமாக இருந்தால்தான் இந்த ஊசியால் பயன், அதனால்தான் அந்த ரிப்போர்ட் சரியாக இருப்பது அவ்வளவு முக்கியம்.

2014இல் பெங்களூரு பயோகான் இதற்கு நிகரான மருந்தை இறக்கியது, இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. சித்தி மாதிரி விவசாயக் குடும்பம் இதன் செலவை நினைத்துப் பார்க்க முடிவதே அதனால்தான். சித்திக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருடம் போட வேண்டும். நடுநடுவே எடுக்கிற எக்கோவை விடவே கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.