‘ரென்ட்’ பள்ளிப் பதிப்பு வாங்கலாமா? பூஸ்டர் கிளப் பொருளாளர் ஒருவரின் அனுபவம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் என் மகள் படிக்கும் ஹைஸ்கூலில், நாடகக் குழுவுக்குக் காசு சேர்த்துக்கொடுக்கும் பெற்றோர் பூஸ்டர் கிளப்புக்கு நான்தான் பொருளாளர். நாடகம் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தியர், எக்செல் தெரியும், அவ்வளவுதான் தகுதி. போன வசந்தத்தில் பிள்ளைகள் போட்டது ‘ரென்ட்’ இசை நாடகத்தின் பள்ளிப் பதிப்பு. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் இதற்கு உரிமம் தருகிறது.

அசல் 1996-ல் நியூயார்க்கில் மேடையேறி பிராட்வேயில் 12 வருடம் ஓடியது. எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன் அந்த வெற்றியில் எதையும் பார்க்காமல் 35 வயதில் இறந்துவிட்டார். வாடகை கட்ட வழியில்லாத கலைஞர்கள், எய்ட்ஸ், ஹெராயின், ஆணும் ஆணும் காதல், பெண்ணும் பெண்ணும் காதல், எல்லாம் உண்டு. பள்ளிப் பதிப்பு என்றதும் இதையெல்லாம் கழுவித் துடைத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. கெட்ட வார்த்தைகள் சிலவற்றை மாற்றியிருக்கிறார்கள், உடலுறவைப் பற்றிய ‘கான்டாக்ட்’ என்ற பாட்டை முழுதாக எடுத்துவிட்டார்கள், மற்றபடி கதை அப்படியே இருக்கிறது. அந்தப் பாட்டு போனதில் எனக்கு வருத்தம்தான், அசலில் ஏஞ்சல் என்ற பாத்திரத்தின் சாவு அதோடு பின்னிக்கொண்டு வரும், இதில் சட்டென்று துக்கத்துக்குள் போய் விழுகிறோம், பக்கத்து சீட்டுப் பாட்டி “என்ன ஆச்சு, செத்துப்போச்சா?” என்று என்னிடமே கேட்டார்.

சரி, காசுக்கு வருவோம். எங்கள் பள்ளியில் வருடா வருடம் ராயல்டியையும் புத்தக வாடகையையும் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அரசு அமைப்பு) கட்டிவிடும், செட், உடை எல்லாம் எங்கள் தலையில். இந்த முறை அந்த மாவட்டத்தை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் கூட்டத்தில் ஒருவர் எழுந்து என் வரிப்பணத்தில் இதுவா என்று கேட்டார். அதற்கடுத்த கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். போர்டு தடை எதுவும் போடவில்லை. நாடகத்தைத் தாராளமாகப் போடுங்கள், மாவட்டக் காசு வராது என்றார்கள். தடை போட்டால் செய்தி ஆகிவிடும் பாருங்கள்.

இது புதிதும் இல்லை. டெக்சஸில் 1999-ல் கில்கோர் கல்லூரி மாணவர்கள் எய்ட்ஸையும் ஓரினக் காதலையும் பேசும் ‘ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா’ நாடகத்தைப் போட்டதற்காக, அந்தக் கல்லூரி நடத்தும் ஷேக்ஸ்பியர் விழாவுக்குத் தருவதாகச் சொன்ன 50,000 டாலரை உள்ளூர் அரசான கவுன்ட்டியின் ஆணையர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ‘ரென்ட்’ பள்ளிப் பதிப்பே 2009-ல் கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் பள்ளியிலும், 2013-ல் கனெக்டிகட்டின் ட்ரம்பல் பள்ளியிலும் முதல்வர்களால் நிறுத்தப்பட்டு, சண்டைக்குப் பிறகு மேடையேறியது.

எங்கள் முதல்வர் நல்ல மனிதர், பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரு முத்தத்தையும் நாலு வரியையும் எடுத்துவிட்டால் போர்டிடம் மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்றார். நாடக ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் உரிமம் போகும். முதல்வர் அதை இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் வந்தது கோபம் என்று முதலில் நினைத்தேன், நிம்மதி! இனி போர்டிடம் “என் கையில் இல்லை” என்று சொல்லலாமே.

இந்தச் சரக்கில் காசு கொடுக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். சட்டத்தை நம்பி இறங்கினால் கஷ்டம். பள்ளி பேரில் நடக்கும் மாணவர் வெளியீடுகளில் நிர்வாகம் கை வைக்கலாம் என்று 1988-லேயே ஹேசல்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட கரோலினாவில் ஒரு ஆசிரியை, தான் தேர்ந்தெடுத்த நாடகத்துக்காகவே இடம் மாற்றப்பட்டு வழக்குப் போட்டார், 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எந்த நாடகம் என்று தேர்ந்தெடுப்பதும் பாடத்திட்டத்தில் சேர்த்தி என்று அவருக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. அப்படிப்பட்ட ஊரில் பதிப்புரிமை ஒப்பந்தம் ஒன்று வந்து பிள்ளைகளின் வசனத்தைக் காப்பாற்றுகிறது, வேடிக்கைதான்.

குறைத்த நட்சத்திரம் இதற்கு: ஒரு வரியை வெட்ட விடாத அதே தாள், மொத்த நாடகத்தையும் நிறுத்துவதைத் தடுக்காது. காசை நிறுத்துவதையும் தடுக்காது. இன்னொன்று, குறைத்த பதிப்பு என்று ஒன்று சந்தையில் இருப்பதே சில நேரம் எதிராகத் திரும்பும். டெக்சஸின் ஷெர்மன் பள்ளியில் 2023-ல் ‘ஓக்லஹோமா’ இசை நாடகத்துக்கு அதுதான் நடந்தது, திருநர் மாணவரிடமிருந்து முக்கிய வேடத்தைப் பறித்ததில் ஊரே கொதிக்க, சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பைப் போடுங்கள் என்றது நிர்வாகம். கடைசியில் போர்டு ஒருமனதாக வாக்களித்துப் பழையபடி விட்டது.

எங்கள் பணம் எப்படி வந்தது? நிகழ்ச்சி மலரில் விளம்பரம், கார் கழுவல், இடைவேளைக் கடை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு அக்கா “தம்பி, நம்ம பிள்ளைங்களுக்கு இந்தக் கதையா, வேற நாடகமே கிடைக்கலையா?” என்று இரண்டு நாள் என்னை வறுத்தார். “அக்கா, வந்து பாத்துட்டு திட்டுங்க” என்றேன். முதல் காட்சிக்கு இரண்டு பெரிய தட்டில் சமோசாவோடு வந்தார், கடைசி வரை இருந்தார், கருத்து ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காட்சிக்கும் சமோசா வந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: போர்டுக்குத் தெரிவதற்கு முன்பே வசனத்தை முழுதாகப் படித்து, பெற்றோருக்கும் கடிதம் அனுப்பிவிடுங்கள். இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை, காட்சிகள் இதையெல்லாம் வைத்துத்தான் கட்டணம் போடுகிறார்கள், எனவே ஆயிரம் இருக்கை அரங்கத்தை ஆசைப்பட்டு எழுதிவிடாதீர்கள். வாடகைப் புத்தகங்களில் பேனா வேண்டவே வேண்டாம். பென்சில் குறிப்பையெல்லாம் அழித்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும், நானும் மகளும் ஒரு ஞாயிறு முழுக்க ரப்பரோடு உட்கார்ந்திருந்தோம். முதல்வர் எடுக்கச் சொன்ன நாலு வரிக்குப் பக்கத்தில் அவள் பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள், அதை மட்டும் கடைசியில் அழித்தாள்.